நாற்பதாவது

முஹர்ரம் பிறைக்கு இன்னும் ஓர் இரவு.
தண்ணீரில்லாத கோரி ஆற்று மணலில்
கால் மடித்துப் படுத்து
முனகிக்கொண்டிருந்தாள் கறுப்பி.
முப்பத்தெட்டு, என்றேன் எனக்கே.
அந்தியில் முள்வேலிக்குள் விடும்போதே
எண்ணியிருந்தேன், இரண்டு தடவை.

முப்பத்தெட்டுக்கு ஜகாத் இல்லை.
முப்பத்தொன்பதுக்கும் இல்லை.
நாற்பது என்றால் ஒன்று.
எழுத்துத் தெரியாதவர்க்கும் இது தெரியும்
ஆயிர் மலையில்,
மேகம் எந்தப் பக்கம் ஏமாற்றும்
என்பது தெரிவதைப் போல.

முதல் குட்டி வழுக்கிக்கொண்டு வந்தது.
முப்பத்தொன்பது.
ஈரத்தை வழித்துத் தாயின் நாக்கருகே வைத்துவிட்டு
கையை மணலில் தேய்க்க எழுந்தேன்.
கறுப்பி மறுபடி கத்தினாள்.

இரண்டாவது வந்தது,
மூச்சில்லாமல்.

இதைச் சொல்லத்தான் வேண்டும்.
நனைந்த துணிபோல அது என் மடியில் கிடக்க
மகன் பிடித்த டார்ச் வெளிச்சம் ஆட
ஓர் இமைப்பொழுது,
ஒரே ஓர் இமைப்பொழுது
நான் எண்ணினேன்.

பிறகுதான் வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுத்தேன்.
பின்னங்காலைப் பிடித்து உலுக்கினேன்.
மூக்கில் வாய் வைத்து ஊதினேன்.
உப்பு. இரும்பு.
மூன்றாவது ஊதலில்
தும்மியது என் கடன்.

காலையில் கூமூர் தேநீரைக் கிளறியபடி
"சின்னம்மா மந்தை பக்கத்தில்தானே மேய்கிறது.
மூன்று ஆட்டை நாளை மறுநாள் வரைக்கும்..."
என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.
பதினாறு வயது. கெட்டவனில்லை.
கணக்கு நன்றாக வருகிறது, அவ்வளவுதான்.
"ஜகாத்துக்குப் பயந்து மந்தையைப் பிரிக்கக் கூடாது,
உனக்கே தெரியும்," என்றேன்.
இரவில் நான் இதைவிட மோசமாக எண்ணியதைச்
சொல்லவில்லை.

எதைக் கொடுப்பது?
குட்டியை எண்ணலாம், எடுக்க முடியாது.
நொண்டி ஆகாது. கண் பூத்தது ஆகாது.
மடி கனத்த சிவப்பியைக் கேட்க
எவருக்கும் உரிமையில்லை.
நடுத்தரம் போதும்.
நடுத்தரம் என்றால் எது?

கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு.
போன முஹர்ரத்தில்
பதினேழு எலும்புக்கூடுகளை மேய்த்துக்கொண்டிருந்தேன்,
வாங்குகிறவளாக.
கயிற்றை நீட்டியவர் முகத்தை நான் பார்க்கவில்லை,
காலைத்தான் பார்த்தேன்:
நீல ரப்பர் செருப்பு,
வலது வார் அறுந்து கம்பியால் முடிந்திருந்தது.
அந்த வீட்டிலும் ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை.
கயிற்றின் மறுமுனையில்
கறுப்பி நின்றாள்.

ஒரு வயதுப் பெட்டை,
மண் நிறம், ஒரு காதில் மட்டும் வெள்ளை.
அதன் கழுத்தைத் தொட்டபோது
நெஞ்சு கொஞ்சம் இழுத்தது.
கொடுத்தாலும் தூக்கம் வரும் என்று தோன்றியது.
இதுதான் நடுத்தரம் என்று முடிவு செய்தேன்.

யாருக்கு என்பதில் குழப்பமில்லை. வருத்தம் இருந்தது.
அஸ்ஸலாமா.
புருஷன் ஓட்டித் தொலைத்த மோட்டார் சைக்கிளுக்கு
அகதெஸ் கடைக்காரனிடம் அவள் பட்ட கடன்
பள்ளத்தாக்குக்கே தெரியும்.
கிணற்றுக் கயிற்றுக்காக அவள் என்னை அழைத்த பெயரும்
பள்ளத்தாக்குக்கே தெரியும்.
ஜகாத் பெறத்தக்கவர் எட்டு வகை. கடனாளி அதில் ஒருவர்.
உன்னை ஏசியவள் நீங்கலாக
என்று அந்த எட்டில் எங்கும் இல்லை.
தேடிப் பார்த்தேன்.

மனதுக்குள் நிய்யத் வைத்துக்கொண்டு
வெயில் ஏறுமுன் நடந்தேன்.
கூடார வாசலில் கயிற்றை நீட்டினேன்.
அவள் என் காலைப் பார்த்தாள்.

"கிணற்றுக் கயிறு என்னுடையதுதான்," என்றாள்.
"சரி.
ஆடும் உன்னுடையதுதான்," என்றேன்.
மரியாதைக்குச் சொன்னதில்லை.
எப்போதிலிருந்து அவளுடையது என்று
வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து எண்ணினேன்.
முப்பத்தொன்பது.
நேற்றுப் பிறந்த இரண்டாவது குட்டி
காம்பு எங்கே என்று தெரியாமல்
கறுப்பியின் முழங்காலைச் சப்பிக்கொண்டிருந்தது.
தலையைப் பிடித்து
மடிப்பக்கம் திருப்பிவிட்டேன்.